ஸ்ரீயின் வழக்கு

"வாற மனுசி கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லு மச்சான், வேறொண்டும் வேண்டாம்." லண்டன் வால்தம்ஸ்டோவிலிருந்து ஸ்ரீஸ்கந்தராஜா போனில் இப்படிச் சொன்னபோது நான் மடையன்போலச் சந்தோஷப்பட்டேன். இருபத்தைந்து வருஷம் கழித்தாவது அவனுக்கு மனச்சாட்சி உறுத்துகிறதே என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். சோவியத் நாட்டில் சட்டம் சாதாரண சனத்தின் வாழ்க்கைக்குள் எப்படிப் புழங்கியது என்று ஹாலோவே என்றொரு அமெரிக்கப் பேராசிரியை ஆராய்கிறார்; ஸ்ரீயிடம் கேட்டு முடித்தாயிற்று, அடுத்தது நான். அங்கே தொழிற்சாலையிலும் ஹொஸ்டலிலும் தோழர் நீதிமன்றம் என்று ஒன்று கூடும். சின்னக் குற்றங்களைக் கூட இருப்பவர்களே விசாரித்து, கை உயர்த்தித் தீர்ப்புச் சொல்வார்கள். எண்பத்து நான்கில் மொஸ்கோவில் ஸ்ரீயும் நானும் சட்டம் படித்தபோது எங்கள் அறையிலும் அப்படியொரு வழக்கு வந்தது. விற்பதற்காகக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த வெளிநாட்டு ஜீன்ஸ் பிடிபட்டது; அங்கே அது கள்ள வியாபாரம். வைத்திருந்தவன் ஸ்ரீ.

ஒப்புக்கொண்டவன் நான். விசாரணைக்கு முன் எங்கள் தமிழ்ப் பெடியள் கூடி அப்படி முடிவெடுத்தார்கள். ஸ்ரீக்குக் கடைசி வருஷம், ஊரில் கலியாணத்துக்குத் தங்கச்சிமார் இருக்கிறார்கள்; நான் முதலாம் வருஷம்தானே. ஒப்புக்கொண்டு அழுதால் எச்சரித்து விட்டுவிடுவார்கள், அதுதான் அங்கத்தைய வழக்கம் என்றார்கள். நான் அழுததோடு நிற்காமல், பெரிய அப்புக்காத்து மாதிரிச் சட்டப் பிரிவெல்லாம் எடுத்துச் சொல்லி ஒப்புக்கொண்டேன். சட்டம் தெரிந்துகொண்டே செய்தவனுக்கு மன்னிப்பில்லை என்று எழுதி மேலே அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் என்னை நிறுத்தியது. பிறகு பெர்லின், ஜெர்மன்காரனின் குசினிகளில் கோப்பை கழுவல், இப்போது லண்டனில் செவன் கிங்ஸ். ஸ்ரீ அகதி வழக்குகள் பார்க்கும் பெரிய மனிதன்.

இதை என் மனைவி கலாவதிக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அவள் நம்பியதே இல்லை. படிக்கப் போன இடத்தில் கள்ள வியாபாரம் செய்து துரத்தப்பட்டவன் என்பதுதான் அவள் வீட்டாரின் பேச்சு. அதனால்தான் பேராசிரியை வந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் குசினியிலிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். ஸ்ரீ சொன்ன உண்மையை இன்றைக்கு வெள்ளைக்காரி வாயால் கேட்கட்டும் என்று மனசுக்குள் ஒரே துள்ளல்.

பேராசிரியை மரியாதையான மனுசி. கலாவதி பொரித்த ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: அறைத்தோழருக்காகக் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்ட ஸ்ரீஸ்கந்தராஜாவை நீதிமன்றம் மன்னித்துப் பட்டம் முடிக்க விட்டதாம், பிறகு தானாகவே படிப்பை விட்டு ஜெர்மனிக்குப் போன அந்த அறைத்தோழர் நீங்கள்தானே?

நாசமாய்ப் போவான், நான் சுமந்த பழியைக்கூடத் தனக்குப் பெருமையாக்கி வைத்திருக்கிறான். ஒப்புக்கொண்டது நான், என்னை ஒருத்தரும் மன்னிக்கவில்லை என்றேன். அதற்கு ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார். துரத்தப்பட்டவனிடம் என்ன ஆவணம் இருக்கும்? ஸ்ரீயிடம் பட்டம் இருக்கிறது. தண்டிப்பதைவிடத் திருத்துவதே அந்த நீதிமன்றத்தின் நோக்கம் என்று எழுதிக்கொண்டிருக்கிறவருக்கு, ஸ்ரீயின் கதை அளவெடுத்துத் தைத்த சட்டை. வேறு விதமாகச் சொல்பவரும் உண்டு என்று அடிக்குறிப்பில் ஒரு வரி போடுவதாகச் சொன்னார். தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் கலாவதியின் கண் கலங்கியிருக்கிறது. புத்தகத்தில் வராவிட்டால் போகட்டும், இவளுக்காவது விளங்கிவிட்டதே என்று அவள் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அந்த மனுசன் உங்களுக்காக இவ்வளவு செய்திருக்கிறார்" என்றாள். "நீங்கள் இத்தனை வருஷமும் அவரிலயே பழி போட்டனீங்கள். இப்பவாவது எடுத்து ஒரு நன்றி சொல்லுங்கோ."

மொஸ்கோவில் எனக்கு எதிராக உயர்ந்த கைகளை நான் எண்ணவில்லை, தலை குனிந்திருந்தேன். செவன் கிங்ஸில் உயர்ந்தது ஒரு கைதான், கலாவதியின் கை. அதில் போன் இருந்தது.