மூன்றாம் தரக் கழுதைக்குட்டி

என் கணவரிடம் ஆயிரத்து நூற்று நாற்பது கார்ட்டூன் படங்கள் இருந்தன. கார்ட்டூன் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்; அனிமேஷன் என்று சொல்ல வேண்டும். பாதி வீடியோ கேசட், பாதி டிஸ்க். சிரிப்பதற்காக அவர் எதையும் பார்த்ததில்லை. மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முயல் வழுக்கி விழுந்தால்கூட எழுதத்தான் செய்வார்.

ஒரே படம் நாலு தடவை கேசட்டாக வந்திருந்தால் நாலும் அவரிடம் இருக்கும். நாலுக்கும் தனித்தனி அட்டை. படம் வந்த வருடம், கேசட் வந்த வருடம், எத்தனை நிமிடம் வெட்டியிருக்கிறார்கள், நிறம், ஒலி, டப்பிங் குரல், பெட்டியின் நிலை. கடைசியில் தரம். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் முதல் தரம், மஞ்சள் இரண்டாம் தரம், சிவப்பு மூன்றாம் தரம். அட்டைகள் செருப்புப் பெட்டிகளில் வரிசையாக நிற்கும். எங்கள் கல்யாண ஆல்பம் எங்கே இருக்கிறதென்று கேட்டால் மட்டும் அவருக்குத் தெரியாது.

சிவப்பு ஒட்டிய கேசட் ஒன்றில் நான் இருக்கிறேன். அதுவும் அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அத்தை மகள் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பழைய படத்தை நம் மொழியில் டப்பிங் செய்துகொண்டிருந்தார்கள். கழுதைக்குட்டிக்குப் பேச வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீ வந்து பேசிப் பாரேன், கத்தத்தானே போறே" என்று அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. கழுதைக்குட்டி தொலைந்துபோன தன் அம்மாவைத் தேடி மலையேறும். வழியெல்லாம் கூப்பிடும். உச்சிக்குப் போனதும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அழும். அந்த அழுகையைப் பதினான்கு தடவை எடுத்தார்கள். பதின்மூன்றாவது தடவை ஒலிப்பதிவு செய்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "நிஜக் கழுதையே இதைவிட நல்லா அழும்மா" என்றார். பதினான்காவது தடவை நான் நடிக்கவில்லை. அதைத்தான் படத்தில் வைத்தார்கள். என் பெயரை எங்கும் போடவில்லை.

கல்யாணமான புதிதில் இவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவரே ஒருநாள் அந்தக் கேசட்டை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து போட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம்தான் பார்த்தார். "எவளோ ஒருத்தி காட்டுக் கத்தல் கத்தறா" என்று சொல்லிச் சிவப்பை ஒட்டிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. சரி, அவராகக் கண்டுபிடிக்கிறவரை நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினேன். எப்படியும் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது.

அவருக்குக் காது மந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மின்சார மீட்டர் பரிசோதிக்கிற வேலையில் இருந்தவர். மீட்டரின் முனகலை வைத்தே பழுதைச் சொல்வார். ஒரு கேசட்டில் ஒலி நாலு சதவீதம் வேகமாக ஓடினால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். நானோ ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறவள். நாள் முழுக்கக் கத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்டால், முன்சீட்டில் இருக்கிறவர் திரும்பி, "டோக்கன் கூப்பிடற அம்மாதானே நீங்க?" என்பார். முன்பின் தெரியாத மனிதர். ஒரே கூரையின் கீழ் இருக்கிறவருக்கு மட்டும் நான் எவளோ ஒருத்தி.

போன மாதம் வீடு மாற்ற வேண்டி வந்தது. புது வீடு இரண்டே அறை. படங்களுக்கு ஓர் அலமாரிதான் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே ஒரு சட்டம் போட்டார்: ஒரு படத்துக்கு ஒரு பிரதி, இருப்பதில் நல்லது எதுவோ அது. கழிக்கப் போகிற ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்டிக் எடுக்கிற வண்டிக்குப் போடுவது. கழுதைக்குட்டிப் படத்துக்கு வேறு டப்பிங்கோடு பளபளவென்று ஒரு டிஸ்க் இருந்தது, பச்சை ஒட்டியது. அதனால் என் கேசட் கழிக்கிற குவியலில் கிடந்தது.

நான் அதை எடுத்து என் புடவைகளுக்கு நடுவே சொருகியிருக்கலாம். எனக்குக் கேசட் பெரிதில்லை. அந்தக் குரலைக் கேட்டு இந்த மனிதர் ஒரு தடவை தலையைத் திருப்பி என்னைப் பார்க்க வேண்டும். அது போதும். திங்கட்கிழமை வண்டி வந்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டார். முதலில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வீடியோ பெட்டியின் உள்ளே துடைத்தார். குப்பைக்குப் போகிறதற்கும் அதே மரியாதைதான். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்திருந்த எங்கள் மகள் பின்னறையில் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தாள். எனக்கு விரலெல்லாம் மை, இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று, நாலு, ஐந்து நிமிடம் ஓடியது. அவர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும், போகட்டும், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

டிவியில் கழுதைக்குட்டி கூப்பிட்டது. "எங்க இருக்கே? சீக்கிரம் இங்க வா!"

மகள் கையில் போர்வையோடு கூடத்துக்கு வந்தாள். "என்னம்மா, கூப்பிட்டியா?"

"நான் கூப்பிடலையே."

"கூப்பிட்டியே, சீக்கிரம் இங்க வான்னு."

கழுதைக்குட்டி மறுபடியும் கூப்பிட்டது. மகள் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போர்வையைக் கீழே போட்டாள். "அம்மா! இது நீதானே?"

அவர் படத்தை நிறுத்தினார். கழுதைக்குட்டி ஒரு காலைத் தூக்கியபடி திரையில் நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இந்த நிமிடத்துக்காக நான் எத்தனையோ குத்தல் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"ஆமா, நான்தான்" என்றேன்.

"நீயா!" என்று எழுந்தே விட்டார். கேசட் பெட்டியைப் புரட்டினார். "நாலு சதவீதம் வேகமா ஓடுது. குரல் மேல ஏறியிருக்கு. அதான் எனக்குப் பிடிபடல."

"எனக்குப் பிடிபட்டுதேப்பா. நான் பீரோவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள் மகள்.

அதை அவர் காதில் வாங்கவில்லை. செருப்புப் பெட்டியிலிருந்து அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அது எனக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த வருஷம்? மாசம் ஞாபகம் இருக்கா? எத்தனை மைக்? எல்லாரும் சேர்ந்து பேசினீங்களா, தனித்தனியாவா? அந்த அழுகை எத்தனை டேக்?"

"பதினாலு."

"பதினாலா!" எழுதிக்கொண்டார். சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் கிழியாமல் உரித்துவிட்டுப் பச்சையை ஒட்டினார். உடனே டிராக்கிங் என்கிற தன் நண்பருக்குப் போன் போட்டார். அவரும் இவரைப் போலச் சேர்க்கிற பித்துதான். படத்தில் கோடு விழுந்தால் திருகுகிற டிராக்கிங் பொத்தானை எந்த வீட்டுக்குப் போனாலும் திருகிப் பார்ப்பதால் அந்தப் பெயர். "யோவ், கழுதைக்குட்டி கேசட்ல குரல் யாருன்னே தெரியலைன்னு சொல்லிட்டிருந்தோமே? ஆள் கிடைச்சாச்சு. எங்க வீட்லயேதான் இருக்கா." கொஞ்சம் கேட்டுவிட்டு, "உயிரோடதான்யா இருக்கா" என்றார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் டம்ளர்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். எதற்காக இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவை அவர் அந்த அலமாரியைத் துடைத்தபோதும் எனக்கு எப்படி இருந்தது, எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க இதை முதல்முதலாப் போட்டப்ப..."

அவர் போனை டிவியின் ஒலிபெருக்கியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு படத்தை ஓடவிட்டிருந்தார். மற்றக் கையை என் பக்கம் நீட்டித் தடுத்தார்.

"ஷ்ஷ். ஒரு நிமிஷம் பேசாம இரு. உன் அழுகை வருது."

பாறையில் உட்கார்ந்து கழுதைக்குட்டி அழுது முடித்தது. அவர் போனைக் காதுக்குக் கொண்டுபோய், "கேட்டியாய்யா? என்ன மாதிரி அழறா பாரு!" என்றார். நான் என்ன சொல்ல வந்தேன் என்று இன்றுவரை கேட்கவில்லை.