முத்தம்மாவின் வெண்டைப் பாத்தி

எனக்கு அலுத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்குப் போல இருக்கும்.

கொட்டிவாக்கத்தில் என் கொழுந்தனார் வீடு கட்டாமல் போட்டு வைத்திருக்கும் பன்னிரண்டு கிரவுண்டு மணலில் ஒன்பது வருஷமாகக் காய்கறி போடுகிறேன். மயிலாப்பூர், அடையாறு, கோட்டூர்புரத்தில் இருபது குடும்பங்கள் இதில் பங்கு. சனிக்கிழமை விளைந்ததை இருபது கூடையாகப் பிரிப்போம். அசோகன் ஆட்டோவில் கொண்டுபோய் அவரவர் வாசலில் வைப்பான். விளைந்தால் எல்லோருக்கும், விளையாவிட்டால் யாருக்கும் இல்லை என்பது பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சித்திரை வெயிலில் சுரையும் புடலையும் தவிர ஒன்றும் நிற்காது. நாலாவது வாரம் வாட்ஸ்அப்பில் 'இந்த வாரமும் சுரைக்காயா?' என்று ஆரம்பிப்பார்கள். ஆடியில் ஊன்றிய வெண்டை ஆவணியில் வந்தால் முற்றல் என்பார்கள். ஐப்பசி மழை பாத்தியைக் கரைத்துவிட்டுப் போகும். மார்கழியில் முள்ளங்கியும் கீரையும் அள்ள அள்ள வரும். அப்போது பார்த்து மயிலாப்பூர்க்காரர்கள் சபா கேண்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு, கூடை வேண்டாம் என்று செய்தி அனுப்புவார்கள். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், இதெல்லாம் உனக்கெதற்கு தங்கபுஷ்பம் என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். அவருக்கும் அலுத்துவிட்டது.

முத்தம்மா மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ மூட்டை கட்டியிருப்பேன். யூடியூப் பார்த்து நான் கற்ற விவசாயம் ஏட்டுச் சுரைக்காய் என்று முதல் வருஷமே தெரிந்துபோனது. அவள் கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவள். குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். வேலைக்கு வந்த முதல் நாள் ஒரு மாத்திரை டப்பாவில் வெண்டை விதை கொண்டுவந்தாள். ஆற்றோரம் குடிசைக்குப் பின்னால் அவள் வளர்த்தது. எட்டு வரி, வெளிர்ப் பச்சை, கடையில் கிடைக்காது. மாடியில் இதை எங்கே போடுவது, இங்கே ஒரு பாத்தி கொடு என்று கேட்டாள். என்னிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

வெண்டை விதை பழசானால் சரியாக முளைக்காது. அதனால் வருஷா வருஷம் இருப்பதையெல்லாம் ஊன்றிவிட்டு, கடைசிக் காய்களைப் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டுப் புது விதை எடுப்பாள். போன புரட்டாசிக் கடைசியில் இருபது செடியில் நாற்பது காய் அப்படி முற்றி நின்றது. டப்பா காலி.

அந்தச் சமயம் பார்த்துப் பங்குக் குடும்பங்கள் தோட்டம் பார்க்க வரும் ஞாயிறு வந்தது. முத்தம்மாவுக்கு ஞாயிறு லீவு. சனிக்கிழமை கிளம்பும்போது, "நாளைக்கு ஜனம் வரும். என் பாத்திய மட்டும் பாத்துக்கக்கா" என்றாள். சரி என்றேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே வந்த நான், பதினோரு மணிக்கு மோட்டார் ஷெட் நிழலில் மோருடன் உட்கார்ந்தேன். வெண்டைக்காயைக் கண்டால் வாலை ஒடித்துப் பார்க்காத கை சென்னையில் கிடையாது. காய்கறிக் கடையில் ஒடித்தால் திட்டு விழும். இங்கே திட்ட ஆளில்லை. மயிலாப்பூர் வைதேகி மாமிதான் முதலில் அந்தப் பாத்திக்குள் போனார். எளிதில் ஒடியாத காயைத் திருகி, நுனியை முறித்து, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பின்னாலேயே நாலைந்து பேர். மாமி என்னைப் பார்த்து, எல்லாம் முத்திண்டு போச்சே, பறிக்காம விட்டுட்டேளே என்று வருத்தப்பட்டார். ஆமாம் மாமி என்றேன்.

முப்பது அடி தூரம். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஆனால் எழுந்து போக வேண்டும், இது விதைக்கு என்று விளக்க வேண்டும், அவர்கள் ஐயோ என்று பதறுவார்கள், பரவாயில்லை என்று நானே சமாதானம் சொல்ல வேண்டும். நினைக்கவே அலுப்பாக இருந்தது. நாலு காய்தானே என்று நினைத்தேன். அது நாலோடு நிற்கவில்லை. நான் மோரைக் குடித்து முடித்தேன்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை நான் நனைந்துகொண்டே ஒவ்வொரு காய்க்கும் பிளாஸ்டிக் கவர் கட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பெரும்பாக்கத்தில் தண்ணீர் நின்று பஸ் ஓடவில்லை. முத்தம்மா வியாழக்கிழமைதான் வந்தாள்.

நேரே பாத்திக்குப் போனாள். ஒரு கவரைப் பிய்த்து, காயைப் பிளந்தாள். ஒடிந்த நுனி வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. சில விதைகள் காய்க்குள்ளேயே முளை விட்டிருந்தன. நாற்பதையும் பிளந்து பார்த்தாள். இலைக்கடியில் மறைந்திருந்த மூன்று காய் தேறியது.

யார் ஒடித்தது என்று கேட்டாள். சொன்னேன். நீ எங்கே இருந்தாய் என்று கேட்டாள். ஷெட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அலுப்பாக இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எனக்கும் அலுப்பாத்தான்க்கா கீது" என்றாள். குரலில் கோபமே இல்லை. "டெய்லி ரெண்டு பஸ்ஸு. உன் கத்திரில மாடு பூந்தப்போ நான் குந்திக்கினா இருந்தேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று காயின் விதையையும் டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். வேலையை விட்டுவிடுவாளோ என்று இரண்டு நாள் பயந்தேன். சனிக்கிழமை எப்போதும்போல வந்து கூடைகளுக்குக் கீரை அரிந்தாள்.

தை பிறந்ததும் அந்தப் பாத்தியை நானே கொத்தினேன். எரு போட்டு, சமன் செய்து, அவளைக் கூப்பிட்டு, விதையைக் கொண்டுவா என்றேன். கார்த்திகையிலேயே பெயிண்ட் வாளிகளில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். எட்டாவது மாடி வராந்தாவில் ஒன்பது செடி நிற்கிறதாம். அங்கே வெயில் போதாதே, நீயும் பகலெல்லாம் இங்கே இருக்கிறாய், யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்டுக்காரி பாத்துக்கிறாக்கா" என்றாள்.

சொல்லிவிட்டு முள்ளங்கி பிடுங்கப் போனாள். நான் கடையில் வாங்கிய விதையை அந்தப் பாத்தியில் ஊன்றினேன்.