அடுப்பு ஆறிவிட்டது

டெனிஸ் நாலாவது தீக்குச்சியைக் கிழித்தான். விறகு பிடிக்கவில்லை. அப்பாவின் இறுதிப் பிரார்த்தனை முடிந்து சர்ச்சிலிருந்து வந்தவர்கள், கோட்டைக் கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரும்பு அடுப்பு எவ்வளவு சூட்டில் எரிகிறதென்று, ஐந்து மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள போர்ட்லாந்து நகரத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தவன் அவன். கையால் மூட்டத்தான் வரவில்லை.

"போன்ல பத்த வச்சுப் பாரேன்" என்றார் சித்தப்பா ரொசேர். யாரோ சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டு ஓலீன் வந்து அவன் அருகில் மண்டியிட்டார். கட்டைகளைத் தள்ளி வைத்து, நடுவில் பிர்ச் மரப்பட்டையைச் செருகினார். ஒரே குச்சி. பிடித்துக்கொண்டது.

தீயைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: "செவ்வாக்கிழம காலைல இங்க புகை வரல, டெனிஸ். பாத்தேன். பாத்துட்டு சும்மா இருந்துட்டேன்."

குளிர்காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் எழுந்ததும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள். புகை இல்லாவிட்டால் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார்கள். இனி அது வேண்டாம் என்று போன இலையுதிர்காலத்தில் ஓலீனிடம் சொன்னது டெனிஸ்தான். விறகு அணைந்தால் கேஸ் ஹீட்டர் தானாக ஓடும், எனக்கு போனில் தகவல் வரும், நீங்கள் எதற்குப் பனியில் வழுக்கிக்கொண்டு நடக்கிறீர்கள் என்றான்.

சமையலறைத் தரையில் விழுந்த அப்பாவை வியாழக்கிழமை தபால்காரர்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தார். செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

"அன்னிலேருந்து தூக்கமே இல்ல" என்றார் ஓலீன். "உன் போன்லயும் ஒண்ணும் வரல, இல்லியா?"

வந்தது. 'அடுப்பு ஆறிவிட்டது' என்று இரண்டு தடவை.

அப்பாவிடம் ஒரு குறும்பு இருந்தது. பேசத் தோன்றினால், புகைக்குழாயில் ஒட்டியிருக்கும், சூட்டை அளக்கும் சென்சாரைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். போனில் தகவல் வந்ததும் டெனிஸ் பதறிப்போய்க் கூப்பிடுவான். "அட, உயிரோடதான் இருக்கியா?" என்பார். நேராகவே கூப்பிடலாமே என்று கேட்டால், "நான் கூப்ட்டா நீ மீட்டிங்ல இருப்ப" என்பார்.

செவ்வாயன்றும் அப்படித்தான் என்று நினைத்தான். நிஜமாகவே மீட்டிங்கில் இருந்தான். தகவலைத் தள்ளிவிட்டான். புதன்கிழமையும் கூப்பிடவில்லை. வியாழன் மாலை வந்து பார்த்தபோது சென்சார் குழாயில்தான் இருந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழியை ஓலீன் சுமந்துகொள்வார்.

"வந்துச்சு" என்றான். "ரெண்டு தடவ. அப்பா வெளையாடுறார்னு நெனச்சுட்டேன்."

ஓலீன் அடுப்புக் கதவைச் சாத்தினார். பிறகு அவன் நீட்டிய கையைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்து எழுந்து போனார்.

மூன்று மணிக்கெல்லாம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சமையலறையில் ஓலீன் மட்டும் கோட்டைக் கழற்றாமலே காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். டெனிஸ் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினான்.

கழுவிய கோப்பையை அவர் மேடையில் வைத்தார். அவன் அதை எடுத்துத் துடைத்தான். அடுத்ததையும் மேடையிலேயே வைத்தார்.