போல்ட் போட்டால் போதுமாம்

லொரெய்னுக்குக் காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் ரசல் தன் சிவப்பு ரெண்டு சீட் காரை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் மல்லாந்து கிடந்து, ஊரையே திட்டிக்கொண்டு ஸ்பேனர் கேட்டான். அதைக் கையில் கொடுப்பதா மண்டையில் போடுவதா என்று ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் கொடுத்தாள்.

காரின் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரை மூன்று வருஷத்துக்கு முன்னால் கழற்றி எறிந்தது இந்த மகாராசன்தான். அதன் இடத்தில் வெறும் குழாய். சத்தம் சிங்கம் மாதிரி வருகிறதாம். சிங்கமாவது மண்ணாங்கட்டியாவது, வந்ததெல்லாம் கண்ணை எரிக்கிற நாற்றம். ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்ற ஊரில் அவர்கள் தெருவில் வீடுகள் நெருக்கம். சனிக்கிழமைதோறும் ரசல் வண்டியை வெளியே நிறுத்தி இன்ஜினை உறுமவிடுவான். புகை நேரே பக்கத்து வீட்டு மிலேனாவின் ஜன்னலுக்குள் போகும். மிலேனா நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறாள். அவள் புருஷன் யோசிப், இரும்பு வார்க்கும் ஆலையில் உழைத்து ஓய்ந்த குரோஷியாக்காரர், நாற்பது டிகிரி வெயிலிலும் ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

லொரெய்ன் கேட்டாள். கெஞ்சியும் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஜன்னல் எதற்கு இருக்கிறது, சாத்தத்தானே என்று சிரித்தான் ரசல். அன்றைக்கே சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போன் பண்ணி, பேர் சொல்லாமல் கார் நம்பரை மட்டும் சொல்லிவிட்டாள். கன்வெர்ட்டரை மாட்டிச் சோதனைக்குக் கொண்டுவராவிட்டால் கார் ரோட்டில் இறங்கக் கூடாது என்று ரசலுக்கு உத்தரவு வந்தது.

அந்தத் தெருவில் குடித்துவிட்டு வேலியில் காரை ஏற்றியவனுக்கு மன்னிப்பு உண்டு. மச்சினியோடு ஓடிப்போனவனுக்குக்கூட கிறிஸ்துமஸுக்குள் ஒரு பீர் கிடைத்துவிடும். காட்டிக் கொடுத்தவனுக்கு மட்டும் கிடையாது. யோசிப்தான் செய்தார் என்று ரசல் தானே முடிவு கட்டித் தெரு முழுக்கச் சொல்லிவைத்தான். எதிரே வந்தால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். லொரெய்ன் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

இன்றைக்குப் புதுக் கன்வெர்ட்டர் மாட்டுகிறான். கார் கம்பெனி சாமான் இல்லை, வெளிச் சாமான்; ஆனால் முத்திரை குத்திய நல்ல சாமான். அதன் மேலிருந்த அம்புக்குறி பின்பக்கம் பார்க்க வைத்து, இரண்டு முனையிலும் புகை கசியாமல் கேஸ்கெட் கொடுத்து, போல்ட்டை முறுக்கினான். பெயருக்குத்தான் முறுக்கினான். பல வருஷம் டிரெய்லர் பட்டறையில் வெல்டிங் செய்தவள் லொரெய்ன். இவ்வளவு லூசாக விட்டால் புகை ஒழுகாதா என்று கேட்டாள்.

“போல்ட் போட்டாப் போதும் கண்ணு. திங்கக்கிழமை சோதனை முடிஞ்சதும் கழட்டிட்டு பழைய குழாயை மாட்டிடுவேன். எல்லாப் பயலும் அப்படித்தான் பண்றான்.”

ரசல் உருண்டு வெளியே வந்து கையைத் துடைத்தான். பக்கத்து வீட்டுக் கிழவனுக்கும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது, வேண்டுமானால் போய் அவன் தக்காளியைப் பார் என்று கண்ணடித்துவிட்டு, பீர் எடுக்க உள்ளே போனான்.

லொரெய்ன் வேலியோரம் போய் எட்டிப் பார்த்தாள். தக்காளிப் பாத்தி முழுவதும் கறுப்பாகக் கிடந்தது. கழிவு ஆயில். செடிகள் துவண்டு சாய்ந்திருந்தன. யோசிப் மண்டிபோட்டு அந்த மண்ணை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“மிலேனாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. பூச்சி அடிச்சிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். படுத்த படுக்கையில அவ பாத்துட்டிருக்கறதே இந்தச் செடியைத்தான்.”

லொரெய்னுக்கு வயிறு எரிந்தது. ரசல் மேல் பாதி, தன் மேல் பாதி. விறுவிறுவென்று திரும்பிவந்து பானட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினாள். வெல்டிங் மெஷினை இழுத்துப் போட்டாள். காருக்கு அடியில் புகுந்து போல்ட்டுகளை அவன் முறுக்காத முறுக்கு முறுக்கினாள். முகமூடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு நட்டையும் போல்ட்டோடு சேர்த்து உருக்கி ஒட்டினாள். முன்பக்கம் முடித்துப் பின்பக்கத்துக்கு நகர்ந்தபோது ரசலின் செருப்புகள் ஓடிவந்தன. என்ன பண்ணுகிறாய் என்று கத்தினான். கடைசி நட்டையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

“போன் பண்ணினது நான்தான் ரசல். யோசிப் இல்ல. நான்.”

ரசல் பீர் பாட்டிலைக் கீழே வைத்தான்.

“நீயா? கட்டின புருஷனையே காட்டிக் குடுத்தியா?”

“ஆமா. மூச்சு விட முடியாம ஒருத்தி கிடக்கறா, நீ அவ மூஞ்சியில புகை விட்டே. அது போதாதுன்னு அவ செடியில ஆயிலை ஊத்திட்டு வந்து கண்ணடிக்கறே. தூ!”

கிரைண்டர் போட்டு வெட்டிவிடுவேன் என்றான் ரசல். தாராளமாக வெட்டு, வெட்டின அன்றைக்கே மறுபடி போன் பண்ணுவேன், இந்தத் தடவை பேரையும் சொல்வேன் என்றாள். அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. எதிர்வீட்டில் யாரோ கதவைத் திறந்தார்கள்.

“மெதுவாப் பேசு. தெருவே கேக்குது.”

“கேக்கட்டும். மூணு வருஷமா தெருவே கேக்கத்தானே ஓட்டினே, இன்னைக்கு மட்டும் என்ன வெட்கம்?”

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசல் கதவைத் திறந்து உள்ளே போனாள். ரசல் கார் பக்கத்தில் நின்றபடியே நின்றான். யோசிப் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவள் பாத்தியோரம் மண்டிபோட்டு, தக்காளியைக் கெடுத்தது ரசல் என்றாலும் பழியை இவர் மேல் விழவிட்டது தான்தான் என்று சொன்னாள். அவர் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார் என்று உள்ளுக்குள் எங்கோ எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் வாளியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உங்க புருஷன் முட்டாள், அவனை விடுங்க. இந்தத் தெருவுல ஒருத்தரும் என் முகத்தைப் பாக்கல. நீங்களும்தானே பாக்கல?”

லொரெய்ன் தலையைக் குனிந்துகொண்டு மண்ணை அள்ளினாள்.