அரை பவர் கூடுதலாக

1
கணவனுக்குத் துரோகம் செய்யும் மனைவியைப் பற்றிய ஒரு பழைய நாவலைப் படித்ததில் பிறந்தது இந்தக் கதை. எல்லாரும் காதலர்களுக்காக அழுதார்கள். எனக்கோ, எல்லாம் தெரிந்தும் காதலனுக்குப் பக்கத்திலேயே சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கும் கணவன்மேல்தான் கண். புத்தகத்தை மூடினேன். பிறகு துள்ளி எழுந்து எழுதினேன்:

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த...

(வேண்டாம். நனைந்தால் என் கதையின் கணவர் பாவமாகிவிடுவார்.)

2
என் கதையில் வரும் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் மனைவியோடு உறவு வைத்திருப்பவர் அவருடைய நண்பரான ஓர் ஆசிரியர். கடைக்குள் நுழைந்ததுமே "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று கேட்கிறவர், ஒருநாள் கேட்கவில்லை. அடுத்த முறையும் கேட்கவில்லை. கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. (இந்த இடத்தை எழுதியதும் அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்!)

அவர் சண்டை போடவில்லை. ஆசிரியரின் புதுக் கண்ணாடியில் அரை பவர் கூட்டி வைத்தார்.

3
"எப்படித் தெரியுது, தம்பி?"

"பளிச்சுனு இருக்குண்ணே."

"தலைவலி கிலைவலி?"

"சேச்சே, உங்க கைபட்ட கண்ணாடியாச்சே!"

"அப்புறம் ஏன் வாத்தியாரே, பரீட்சையில கோட்டைவிட்ட பையன் மாதிரி முழிக்கிறீங்க?"

ஆசிரியருக்கு மண்டையைப் பிளந்தது. வேறு கடைக்குப் போயிருந்தால் தீர்ந்திருக்கும். போகவில்லை. துரோகத்துக்குத் தண்டனை என்று நினைத்துத் தாங்கிக்கொண்டார். தாங்கத் தாங்க முகத்தில் ஒரு நிம்மதி! பழிவாங்குகிறவர் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதை அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

4
மனைவியை இதுவரை பேசவிடவில்லை. அவளை எப்படி எழுதுவதென்றே எனக்குத் தெரியவில்லை. அவளோ சாப்பாடு பரிமாறும்போது தானாகவே பேசிவிட்டாள்.

"உங்க ஃபிரெண்டுக்கு ஏங்க கண்ணு அப்படிச் செவந்து கிடக்கு?"

"நீ எப்பப் பார்த்தே?"

கரண்டி பாத்திரத்தில் மோதியது.

5
மறுநாள் கடைக்காரர் சரியான பவரில் இன்னொரு கண்ணாடி செய்தார். (மன்னிப்பா? இல்லை, வலியையும் பிடுங்கிக்கொண்டு குற்றத்தை மட்டும் ஆசிரியரிடம் விட்டுவைக்கும் கொடுமையா? இரண்டு முடிவும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன்.) ஆசிரியர் கடைக்கு வந்து கழற்றிக் கொடுத்த பழைய கண்ணாடியும் இந்தச் சரியான கண்ணாடியும் மேசை இழுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. கண்ணாடி இல்லாததால் எதிரே இருக்கும் முகம் ஆசிரியருக்குக் கலங்கலாகத்தான் தெரியும். கடைக்காரரின் கை இழுப்பறைக்குள் போகிறது. அப்போது, எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஆசிரியர் வாயைத் திறக்கிறார்:

"அண்ணே, அண்ணி..."

நலம் விசாரிக்கிறாரா, உண்மையைச் சொல்லப்போகிறாரா? அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். அதைக் கேட்டபிறகுதான் கடைக்காரரின் கை, இரண்டில் ஒரு கண்ணாடியோடு, வெளியே வரும்.