டோரதி ஓட்டிய வண்டி

நரம்புக் கோளாறில் கைகால் விழுந்துபோய் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்த டொமினிக், ஒருவழியாகப் பொம்மனஹள்ளி வீட்டுக்குத் திரும்பினார். தடியூன்றி நடக்க முடிந்தது. விரல்களில்தான் இன்னும் பிடிமானம் வரவில்லை. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் வியர்த்துவிடும்.

வார்டில் குரல் கொடுத்தால் சிஸ்டர் ஓடி வருவார். இங்கே "டோரதி, தண்ணி" என்று கூப்பிட்டால், "பக்கத்துலதான் இருக்கு, எடுத்துக்குங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

சனிக்கிழமை பிசியோதெரபிக்குப் போக வேண்டும்.

"ஆட்டோ சொல்லிட்டியா?"

"எதுக்கு? டாக்டர்தான் பின்னால உக்காந்து போலாம்னுட்டாரே. நம்ம ஸ்கூட்டர்லயே போலாம்."

"யாரு ஓட்டறது?"

"நான்தான். மாடி வீட்டு லீனா கத்துக்குடுத்தா. தினமும் ஆஸ்பத்திரிக்கு எதுல வந்தேன்னு நெனச்சீங்க?"

"பஸ்லன்னு நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொன்னா படுத்த இடத்துலயே பயந்து சாவீங்க."

கல்யாணமான நாளிலிருந்து முன்னால் உட்கார்ந்தே பழகிய டொமினிக், தயங்கித் தயங்கிப் பின்னால் ஏறி, தடியை மடியில் வைத்துக்கொண்டார். மனைவியின் தோளைப் பிடித்தார். விரல் வழுக்கியது.

"தோள் வேணாம், இடுப்பச் சுத்திப் பிடிங்க."

"தெருவே பாக்குது."

"பாக்கட்டும்."

ஓசூர் ரோட்டில் ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். சிக்னலில் பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹார்னை விடாமல் அடித்தார். டோரதி திரும்பி, "ரெட் இதே, காணல்வா அண்ணா?" என்று, சிவப்பு விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியவில்லையா எனக் கன்னடத்தில் கேட்டாள். ஹார்ன் நின்றுவிட்டது. டொமினிக் கண்ணைத் திறந்தார். தெருவில் இறங்கி ஒருவரிடமும் சத்தமாகப் பேசியறியாதவள் அவள். பள்ளம் வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாள். அவராக இருந்தால் குறைத்திருக்க மாட்டார்.

பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது வானம் மூடியிருந்தது. மெல்லிய குளிர்காற்று. மருந்து வாடையில்லாத காற்று.

"நேரா வீட்டுக்குத்தானே?" என்றாள் டோரதி.

"மழை வர்றதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமே," என்றார் டொமினிக். அவள் சிரித்தபடி வண்டியைக் கிளப்பினாள். இந்தமுறை சொல்லாமலே அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.