மாலைக்கு ஊதிய காற்று

இப்போது எவனிடமும் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. "எப்படிடே இது?" என்றால் "ஓடுதுல்லா, பின்ன என்ன?" என்கிறான்.

பேத்தி கிருஷ்ணப்ரியாவுக்கு இரணியலில் கல்யாணம். தோவாளைப் பூக்கடைக்காரன் மாலைகளைக் கொடுத்தனுப்புகிறேன் என்றான். நம்பாமல் நானே போய் வாங்கினேன். வழியில், வில்லுக்குறியில் கார் டயர் பஞ்சரானது. ஸ்டெப்னியும் ஏற்கெனவே பஞ்சர். சித்திரை வெயிலில், வாழையிலைப் பொதிக்குள் ரோஜா இதழ்கள் சுருளத் தொடங்கின. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

வண்டி ஓட்டி வந்த மகன் ஸ்ரீனிவாசன், "நானே போறேன்னு ஒத்தக்கால்ல நின்னது ஆரு?" என்றான்.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரன் எபிசன் கம்பிரசரில் ஒரு பித்தளைக் குழாயை மாட்டினான். இரும்பில் துளை போடும்போது சூடு தணிக்க வைத்திருப்பதாம். "பாட்டா, மாலயத் தாங்க. குளுர வச்சுத் தாறேன்."

"லேய், கம்பிரசரே கொதிக்கு. அதுல குளுரு எங்கேருந்து வரும்?"

"காத்து பக்கவாட்டுல நுழைஞ்சு குழாய்க்குள்ள சுழலும் பாட்டா. வெளிவட்டத்துல சுத்துகது சூட்ட வாங்கிட்டு அந்த முனைல போவும். நடுவால திரும்பி வாறது சூட்டக் குடுத்துட்டு இந்த முனைல குளுந்து வரும்."

"ஆருகிட்ட கத விடுக? முதல்ல அந்தக் காத்த எனக்க தலையில அடி."

அடித்தான். வழுக்கை மண்டை சில்லிட்டு, தோள் வரை நடுங்கியது. கள்ளத்தனம் எங்கே என்று மறுமுனையைப் பிடித்தேன். விரல் சுட்டது. ஸ்ரீனிவாசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பொதியை வைக்க எபிசன் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"மீன் பெட்டியாலே? நாங்க சைவம்!"

"புதுசு பாட்டா. மோந்து பாருங்க."

நாலு மூலையையும் மோந்து பார்த்தேன். வாடையில்லை. பெட்டியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினான். உள்ளே என்ன நடக்கிறது என்று மூன்று தடவை மூடியைத் திறந்தேன்.

"குளுரு பூராவும் வெளிய போவுது!" என்று எபிசன் மூடிமேல் சாய்ந்துகொண்டே டயரை ஒட்டினான்.

அரை மணி நேரம் கழித்துத் திறந்தோம். வாழையிலை சில்லென்றிருந்தது. இதழ்கள் அதற்குமேல் சுருளவில்லை.

"இப்பமாவது நம்புவியளா?" என்று குழாயைக் கழற்றி என் கையில் தந்தான் எபிசன். கண்ணில் வைத்துப் பார்த்தேன். உள்ளே விசிறியில்லை, ஐஸில்லை, ஒன்றுமேயில்லை.

"ஐஸ எங்கயோ ஒளிச்சு வச்சிருக்க" என்றேன். பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு, பொதியை நெஞ்சோடு அணைத்தபடி காருக்கு நடந்தேன்.